ஆணியில்லாத கதவு

அம்பலவாணர் வீட்டு வாசற்கதவைக் கழற்றித் தர ஏலுமோ என்று சில்வெஸ்ரர் வந்து கேட்டபோது, மார்க்கண்டு தன் மனைவியின் முதுகுப் புண்ணை வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, பங்குனி மாதம். புங்குடுதீவில் அப்போது ஆட்களைவிட ஆடுகள்தான் அதிகம்.

"கொஞ்சம் பொறும் தம்பி," என்று உள்ளிருந்தே குரல் கொடுத்துவிட்டு, சிவக்கொழுந்தை மெதுவாகச் சரித்து, முதுகுக்குப் பழைய சேலையொன்றை மடித்து வைத்தார். புண்ணிலிருந்து வரும் வாடை அவருக்குப் பழகிவிட்டது. வாசலில் நின்ற சில்வெஸ்ரர் அதற்குப் பழக்கப்படாதவன். கைலேஞ்சியால் மூக்கைத் துடைப்பதுபோலப் பொத்திக்கொண்டான்.

சில்வெஸ்ரர் ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆள். நாற்பது வயதிருக்கும். நீர்கொழும்பில் சில வருடம் கடல்தொழில் செய்ததில் சிங்களம் நன்றாகப் பேசுவான். கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு அந்தச் சிங்களம்தான் அவன் குடும்பத்துக்குச் சோறு போட்டது. தீவுக்கு யார் வந்தாலும் மொழிபெயர்க்க அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"எந்தக் கதவு எண்டனீர்?" வெளியே வந்து கையைத் துடைத்தபடி கேட்டார் மார்க்கண்டு. கேட்கத் தேவையில்லை. அவருக்குத் தெரியும்.

மார்க்கண்டு தன் வாழ்க்கையில் எத்தனையோ கதவுகள் செய்திருந்தார். அவற்றில் 'கதவு' என்று அவர் மனதுக்குள் சொல்வது ஒன்றைத்தான். எழுபத்தொன்பதாம் ஆண்டு கடைசியில் அம்பலவாணர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அம்பலவாணருக்குக் கொழும்பில் இரும்புக்கடை. ஊரில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். முற்றத்தில் பர்மாத் தேக்கு உத்தரங்கள் அடுக்கிக் கிடந்தன. துறைமுகப் பக்கம் எங்கோ இடித்த பழைய பண்டகசாலையில் ஏலத்தில் எடுத்தவை. மார்க்கண்டு ஒரு உத்தரத்தில் உளியால் சின்னதாகச் சீவிப் பார்த்தார். உள்ளே மரம் தேன் நிறத்தில் இருந்தது.

"எவ்வளவு காலமும் எடும். அவசரமில்லை," என்றார் அம்பலவாணர். "ஆனால் ஒண்டு. ஒரு ஆணி இருக்கக்கூடாது. முப்பது வருசமா ஆணி நிறுத்து வித்துக்கொண்டிருக்கிறன். என்ரை வீட்டு வாசலிலை அதைப் பாக்க எனக்கு ஏலாது."

இரண்டு வருடமும் இரண்டு மாதமும் பிடித்தது. நிலை, மேலே கஜலட்சுமி, இரண்டு கதவுகள், அவற்றில் இருபத்துநான்கு பலகைகள். நூற்று எழுபதுக்குக் கிட்டிய துண்டுகள், ஒன்றில் கழுந்து, மற்றதில் துளை என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பலகைகளில் அன்னம் செதுக்கச் சொல்லியிருந்தார் அம்பலவாணர். பார்க்க வந்தபோது பலகையெல்லாம் நாரைகள் நின்றன. ஒன்று இறகு கோதியது, ஒன்று ஒற்றைக் காலில் தூங்கியது, ஒன்று வாயில் மீனோடு திரும்பிப் பார்த்தது.

"அன்னம் எங்கை?"

"அன்னத்தை நான் கண்டதில்லை முதலாளி. இதுகளை ஒவ்வொரு நாளும் காணுறன்."

அம்பலவாணர் ஒவ்வொரு நாரையாகப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, தோளில் கிடந்த சால்வையை எடுத்து அதே இடத்தில் மார்க்கண்டுவின் தோளில் போட்டார். எண்பத்திரண்டு தையில் புதுமனைக் குடிபூரல். நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும்கூட ஆட்கள் வந்து கதவைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள்.

அடுத்த வருட ஆடிக் கலவரத்தில் கொழும்புக் கடை எரிந்தது. அம்பலவாணர் அகதிக் கப்பலில் காங்கேசன்துறை வந்து, அங்கிருந்து கட்டிய சாரத்தோடு புங்குடுதீவு வந்து சேர்ந்தார். மனைவி அன்னபூரணம் ஓடி வந்து கதவைத் திறந்தபோது அவர் உள்ளே போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு, "இதாவது கிடக்கு," என்றாராம்.

அதற்குப் பிறகு மார்க்கண்டுவிடம் அப்படியொரு வேலை வரவில்லை. வெளிநாட்டுக் காசில் வீடு திருத்தியவர்கள் இரும்புக் கேற்றும் ஒட்டுப்பலகைக் கதவும் போட்டார்கள். பிறகு வீடு திருத்தவும் ஆளில்லை. பதுங்குகுழிக்குப் பனங்குற்றி அடுக்க அவரைத் தேடினார்கள். அதற்குப் பிறகு சவப்பெட்டிக்கு. மரம் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் மாமரப் பலகையிலும் பெட்டி செய்தார். செய்ததெல்லாம் நேராக இருந்தது, மூலை பொருந்தியது. அதைப் பார்க்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

தொண்ணூற்றொன்று ஐப்பசியில் கடற்படை தீவுக்குள் வருகிறது என்றதும் ஊர் ஒரே நாளில் கிளம்பியது. சிவக்கொழுந்து அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்திருந்தாள். வள்ளத்தில் ஏற்ற முடியாது. மார்க்கண்டு நின்றுவிட்டார். அம்பலவாணர் மூட்டையோடு போகிற வழியில் வந்து, பூட்டிய வீட்டின் திறப்பைக் கையில் தந்தார்.

"வீடு போனால் போகட்டும் மார்க்கண்டு. கதவை ஒருக்காப் பாத்துக்கொள்ளும்."

"நான் உயிரோடை இருந்தால் அது இருக்கும் முதலாளி."

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வந்தது. அம்பலவாணர் நெஞ்சுவலியில் போய்விட்டார். கடிதம் வாசித்த அன்றும் மார்க்கண்டு வேப்பெண்ணெய்ப் போத்தலோடு அங்கே போய்க் கதவுக்கு எண்ணெய் பூசிவிட்டு வந்தார்.

அந்தக் கதவைத்தான் இப்போது சில்வெஸ்ரர் கேட்டான்.

"கொழும்பிலையிருந்து ஒரு ஆள் வந்திருக்கிறார் அண்ணை. விக்டர் எண்டு பேர். நேவி முகாமுக்கு மரக்கறி, அரிசி சப்ளை செய்யிறவர். பழைய சாமான் எண்டால் பைத்தியம். கதவு, கட்டில், பெட்டகம் எல்லாம் வாங்கிக் கொண்டுபோய் ஹோட்டல்காரருக்குக் குடுக்கிறவர்."

"ஆரிட்டை வாங்கிறார்? வீட்டுக்காரர் இஞ்சை இல்லையே."

சில்வெஸ்ரர் நிலத்தைப் பார்த்தான். "அதை நான் கேக்கேல்லை அண்ணை. கேட்டால் எனக்கு நாளைக்கு வேலையில்லை."

"நான் கழட்டித் தரமாட்டன் எண்டு சொல்லும்."

"சொல்லுறன். ஆனால் அண்ணை, போன கிழமை ரெண்டு வீட்டிலை அவரின்ரை ஆக்கள் அலவாங்கு போட்டு நெம்பினவங்கள். ஒரு கதவு நடுவாலை பிளந்து போச்சு. உங்கடை கதவுக்கும் அதுதான் நடக்கும். வியாழக்கிழமை சாமான் கப்பல் போகுது, அதிலை எப்பிடியும் ஏத்துவார்."

சில்வெஸ்ரர் குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொண்டு. வீட்டிலை அக்காவின்ரை நிலைமையை நான்தான் சொன்னனான். நீங்கள் உடைக்காமல் கழட்டித் தந்தால், அதே கப்பலிலை ரெண்டு பேரையும் ஏத்தி, கொழும்பு ஆசுப்பத்திரியிலை சேர்த்துவிடுறன் எண்டு சொல்லுறார். பிரயாணப் பாஸ் எல்லாம் அவர் பாப்பார். இந்தப் புண்ணோடை அக்கா இன்னும் எத்தினை நாளைக்கு இருப்பா? நீங்களே சொல்லுங்கோ."

அவன் போனபிறகு மார்க்கண்டு உள்ளே வந்தார். சிவக்கொழுந்து கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது.

"இஞ்சாருங்கோ. எனக்காக எண்டால் வேண்டாம்."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"நீங்கள் சொல்லாட்டிலும் எனக்குத் தெரியும். நாப்பது வருசம் உங்களோடை குடித்தனம் நடத்தினனான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "அந்தாள் உங்களை நம்பித் திறப்பைத் தந்திட்டுப் போனவர். செத்துப்போன மனிசனுக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?"

"நீ சாகிறதைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறியோ?"

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடம்பைத் திருப்ப அவளால் முடியாது.

மறுநாள் காலையில் மார்க்கண்டு அம்பலவாணர் வீட்டுக்குப் போனார். என்ன செய்வது என்று முடிவெடுத்துப் போனாரென்று சொல்ல முடியாது. கால் போனது, போனார். அங்கே ஏற்கெனவே மனிதர்கள் நின்றார்கள். இரண்டு கூலியாட்கள் அலவாங்குகளைச் சுவரில் சாத்திவிட்டு நிழலில் குந்தியிருந்தார்கள். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஒரு தடித்த மனிதர் கதவின் முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு நாரையின் கழுத்தை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தார். அவர் தடவிய விதத்தில் மார்க்கண்டு நின்றுவிட்டார். மரத்தின் ஓட்டத்தோடு விரல் போயிற்று. உளி எங்கே திரும்பியதோ அங்கே விரலும் நின்று திரும்பியது. இந்தக் கதவை இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். இப்படி யாரும் பார்த்ததில்லை.

விக்டர் ஏதோ சிங்களத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற சில்வெஸ்ரர் தயங்கித் தமிழில் சொன்னான்.

"இதைச் செய்த ஆள் செத்து எத்தினை வருசமிருக்கும் எண்டு கேக்கிறார்."

"சாகேல்லை எண்டு சொல்லும்."

சில்வெஸ்ரர் சொன்னான். விக்டர் திரும்பி மார்க்கண்டுவைப் பார்த்தார். கிழிந்த பெனியன், சாரம், வேப்பெண்ணெய்ப் போத்தல். முதலில் சிரித்தார். பிறகு மார்க்கண்டுவின் கைகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கிட்ட வந்து அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கைத் தழும்புகளைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தெரிந்த தமிழில், "நீங்க பெரிய ஆள்," என்றார். அதற்குப் பிறகு சில்வெஸ்ரரிடம் நீளமாக எதையோ சொன்னார்.

"என்னவாம்?"

"இதை நீங்கள் செய்தனீங்கள் எண்டு ஆருக்கும் சொல்ல வேண்டாமாம். பத்து வருசத்துக் கதவு எண்டால் ஆரும் எடுக்கமாட்டினமாம்."

கூலியாள் ஒருவன் எழுந்து அலவாங்கைக் கையிலெடுத்து, நிலைக்கும் சுவருக்கும் இடையில் எங்கே வைக்கலாம் என்று பார்த்தான். இரும்பு மரத்தில் பட்டு ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"அதை எடுக்கச் சொல்லும்," என்றார் மார்க்கண்டு. "நான் கழட்டுறன். என்ரை ஆயுதப்பெட்டி வீட்டிலை கிடக்கு. ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது."

மூன்று நாள் எடுத்தது. கட்டும்போது கடைசியாகப் போட்ட ஆப்பு, கஜலட்சுமியின் வலதுபக்கத் தாமரைக்குப் பின்னால் மறைந்திருந்தது. கொட்டாப்புளியால் மூன்று தட்டுத் தட்டியதும் பல்லுப்போல வெளியே வந்தது. பிறகு ஒவ்வொன்றாக. ஒரு கழுந்துகூட முறியவில்லை. துளைக்குள் இருந்த பாகங்கள் வெயில் படாமல் அதே தேன் நிறத்தில் இருந்தன. அவற்றில் பென்சிலால் எழுதியிருந்த தன்னுடைய கையெழுத்தை அவர் மறந்தே போயிருந்தார். அளவுகள், நாட்கள், சில சொற்கள். 'இன்று மழை, வேலை இல்லை.' 'கொழுந்துக்குக் காய்ச்சல், மத்தியானத்தோடு போனேன்.' 'முதலாளி வந்தார், சிரித்தார்.' ஒவ்வொன்றையும் வாசித்து, அன்னபூரணம் அலுமாரியில் விட்டுப்போன பழஞ்சேலைகளைக் கிழித்துச் சுற்றி, இலக்கம் போட்டுக் கட்டினார். அடுத்தவர் வீட்டுச் சேலையைக் கிழிக்கிறோம் என்று அவருக்கு ஒரு முறை தோன்றியது. கதவையே எடுத்த பிறகு சேலை எம்மாத்திரம் என்று கிழித்தார்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. வாசல் பொக்கைவாயாகத் திறந்து கிடந்தது. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு தாய் ஆடும் இரண்டு குட்டிகளும் படியேறி உள்ளே போயின. மார்க்கண்டு துரத்தவில்லை.

விக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாக்குக் கட்டிலோடு சிவக்கொழுந்தைத் தூக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். கீழ்த்தட்டில் இடமிருந்தது ஒரே மூலைதான். அங்கே ஒரு பக்கத்தில் சேலை சுற்றிய மரக்கட்டுகளை அடுக்கியிருந்தார்கள், பக்கத்தில் அவளுடைய கட்டிலை வைத்தார்கள். கப்பல் ஆடும்போதெல்லாம் கட்டுகள் சரிந்து அவள் மேல் விழாமல் மார்க்கண்டு இடையில் முதுகைக் கொடுத்துக் குந்தியிருந்தார். அவள் ஒரு கட்டில் தெரிந்த சேலைக் கரையைப் பார்த்து, "இது அன்னபூரணம் அம்மாவின்ரை கூறைச் சேலை போலக் கிடக்கு," என்றாள். அதற்குப் பிறகு திருகோணமலை வரும்வரை அந்தக் கரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

அங்கிருந்து தரைவழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த கொழும்பு ஆசுப்பத்திரியில் புண் ஆறியது. இரண்டரை மாதம் எடுத்தது. இடுப்பைப் பார்த்த டொக்டர், காலம் கடந்துவிட்டது, இனி நடக்க வைக்க முடியாது என்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அறை கிடைத்தது. ஒரு கட்டில் போட்டால் மிச்சத்தில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். வடக்கிலிருந்து வந்த எல்லோரையும்போலப் பொலிசில் பதிவு செய்து, அந்தத் துண்டை மார்க்கண்டு சட்டைப் பையில் எப்போதும் வைத்திருந்தார்.

கார்த்திகை மாதம் விக்டர் அந்த அறையைத் தேடிக்கொண்டு வந்தார். கொழும்பில் இரண்டு பெரிய தச்சர்கள் முயன்றும் கதவைப் பொருத்த முடியவில்லையாம். ஒருவன் பசையும் ஆணியும் போடலாம் என்றானாம். விக்டர் அவனை வெளியே போகச் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டபோது மார்க்கண்டுவுக்கு அந்த மனிதர்மேல் ஏனோ ஒரு மரியாதை வந்தது. அப்படி வந்ததற்காகத் தன்மேல் கோபமும் வந்தது.

கடற்கரையோரம் புதிதாகக் கட்டிய ஹோட்டல். நுழைந்ததும் பெரிய மண்டபம். உள்ளே மழைக்காலம்போலக் குளிர். மார்க்கண்டு சாரத்தோடு உள்ளே வரக்கூடாது என்று காற்சட்டையொன்று கொடுத்தார்கள். இடுப்பில் நிற்காமல் அதைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நின்றார். மரக்கட்டுகள் வரிசையாகக் கிடந்தன.

"எங்கை நிறுத்திறது?"

விக்டர் எதிர்ச் சுவரைக் காட்டினார். வெள்ளைச் சுவர். வாசல் இல்லை, இடைவெளி இல்லை. மேலே இரண்டு விளக்குகள் மட்டும் அந்த இடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

"கதவுக்குப் பின்னாலை?"

"பின்னால ஒண்ணும் இல்ல. சுவர்தான். இது பார்க்கிறதுக்கு."

மார்க்கண்டு சுவரில் கையை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சமையல் பாத்திரங்கள் உருளும் சத்தம் லேசாகக் கேட்டது. கதவு திறக்காது என்றால் சுழலும் முளைகளைப் போடத் தேவையில்லை. ஆனாலும் போட்டார். போடாவிட்டால் மற்றது நிற்காது. ஐந்து நாள் வேலை. நாரைகள் அந்தந்த இடத்துக்குப் போய் நின்றன. கடைசி ஆப்பை அடிப்பதற்கு முன் விக்டர் நிலையின் மேற்பலகையைக் காட்டினார். கஜலட்சுமிக்குக் கீழே சிறிய எழுத்தில் '1982' என்று செதுக்கியிருந்தது. பக்கத்தில் 'மா' என்று ஒரு எழுத்து.

"இது போகணும்," என்றார் விக்டர். "நீங்களே செய்யுங்க. வேற ஆள் செஞ்சா அடையாளம் தெரியும்."

கீழே சுவரில் ஏற்கெனவே பித்தளைத் தகடு பதித்திருந்தார்கள். ஹோட்டல் பையன் ஒருவன் அதை வாசித்துச் சொன்னான். யாழ்ப்பாணத் தீவொன்றின் பிரபு மாளிகைக் கதவு, இருநூறு ஆண்டுப் பழமை, செய்தவர் பெயர் தெரியவில்லை.

மார்க்கண்டு ஏணியில் ஏறினார். சின்னச் சீவுளியை எடுத்து நான்கு முறை இழுத்தார். சுருள் சுருளாக நான்கு சீவல் விழுந்தது. பிறகு அந்த இடத்தில் தேயிலைச் சாயமும் கரியும் தேய்த்து மற்ற மரத்தோடு ஒட்ட வைத்தார். அந்த வேலையையும் நன்றாகத்தான் செய்தார். கெட்டதாகச் செய்ய அவருக்குத் தெரியாது. இறங்கி வந்து பார்த்தபோது அங்கே எழுத்து இருந்ததாக அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு விக்டரின் பட்டறையிலேயே அவருக்கு வேலை. புதுப் பலகையில் பழைய கதவு செய்யும் வேலை. செதுக்கி முடித்ததும் சங்கிலியால் அடித்து வடு உண்டாக்கவேண்டும், ஈரமண்ணில் இரண்டு மாதம் புதைத்து வைக்கவேண்டும், கால் மிதிபடும் இடத்தை மணலால் தேய்க்கவேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாங்கினார்கள். யாராவது பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் மார்க்கண்டுவைத் திருத்தவேலைக்காரன் என்று சொல்லுவார்கள். முன்பு வேலையில்லாமல் இருந்தார். இப்போது அவருக்குச் சாகும்வரை செய்ய வேலை இருந்தது, அவர்தான் செய்தார் என்று தெரியாதவரைக்கும்.

தொண்ணூற்றைந்து மாசியில், சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்த நாட்களில், அன்னபூரணம் கொழும்புக்கு வந்தாள். கிளாலிக் கடல் தாண்டி, வவுனியாவில் இரண்டு நாள் நின்று வந்திருந்தாள். மகள் அம்பிகை கனடாவுக்குக் கூப்பிட்டிருந்தாள். விசாவுக்காகக் காத்திருந்தபோது, ஊர்க்காரரின் சாப்பாட்டுக் கடையில் விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாடிப்படி அறைக்கு வந்துவிட்டாள். வெள்ளைச் சேலை. முன்பு பார்த்த உடம்பில் பாதி.

அறையில் கதிரை இல்லை. கட்டில் ஓரத்தில், சிவக்கொழுந்தின் காலடியில் உட்கார்ந்தாள். மார்க்கண்டு எதிர்க்கடையில் தேத்தண்ணி வாங்கிவந்து கொடுத்தார். அவள் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு முறிந்த இடுப்பைப் பற்றிக் கேட்டாள், மருந்தைப் பற்றிக் கேட்டாள். மார்க்கண்டு வாசல்படியில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். அது வந்தது.

"வீடு எப்பிடிக் கிடக்கு மார்க்கண்டு? நீர் வெளிக்கிடேக்கை கதவெல்லாம் பூட்டின மாதிரியே இருந்ததோ?"

ஷெல் விழுந்துவிட்டது என்று சொல்லலாம் என்று பல மாதமாக யோசித்து வைத்திருந்தார். தீவில் எந்த வீட்டைப் பற்றிச் சொன்னாலும் நம்பக்கூடிய பொய் அது. வாயைத் திறந்தார். அதற்குள் கட்டிலிலிருந்து சிவக்கொழுந்து பேசினாள்.

"கதவு அங்கை இல்லையம்மா. இவர்தான் கழட்டினவர். என்னை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வாறதுக்காகக் குடுத்தவர். என்னாலைதான். உங்கடை கூறைச் சேலையும் கிழிஞ்சு போச்சு."

அறைக்கு வெளியே யாரோ படியில் ஏறிப்போனார்கள். தலைக்கு மேல் காலடிச்சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"எங்கை கிடக்கு?" என்றாள் அன்னபூரணம். குரலில் ஒன்றும் இல்லை.

மார்க்கண்டு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். ஹோட்டல், வெள்ளைச் சுவர், தகடு, சீவிய எழுத்து. சொல்லத் தொடங்கியபிறகு எதையும் விட மனம் வரவில்லை. அவள் கிளாசைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

"உடையாமல் எடுத்தனீரோ?"

"ஓம் அம்மா. ஒரு துண்டும் உடையேல்லை."

"அவர் கடைசி நாளிலை நினைவு தப்பித் தப்பி வரேக்கை அதைத்தான் கேட்டவர். கதவு, கதவு எண்டு. நான் சொன்னனான், மார்க்கண்டு நிக்கிறான், அவன் பாப்பான் எண்டு. அதைக் கேட்டாப் பிறகுதான் சத்தம் போடாமல் படுத்தவர்."

மார்க்கண்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. அழுதால் அது அவளிடம் ஏதோ கேட்பதுபோல ஆகிவிடும் என்று நினைத்தார்.

"வாறீங்களோ அம்மா, கொண்டுபோய்க் காட்டுறன். உள்ளை விடாட்டிலும் கண்ணாடி வழியாலை தெரியும்."

"வேண்டாம்." அவள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். பிறகு குனிந்து சிவக்கொழுந்தின் நெற்றியில் கையை வைத்தாள். "நீ இருக்கிறாய். அது காணும்," என்றாள்.

வாசலில் மார்க்கண்டுவைக் கடக்கும்போது நின்றாள்.

"உம்மைப் பிழை சொல்ல எனக்கு வாய் வரேல்லை. சரி எண்டு சொல்லவும் வரேல்லை. நான் போயிட்டு வாறன்."

தெருமுனைவரை கூடப் போகலாமோ என்று அவர் யோசிப்பதற்குள் அவள் ஓட்டோவில் ஏறிவிட்டாள். வைகாசியில் கனடா போய்ச் சேர்ந்ததாக ஊர்க்காரர் மூலம் தெரிந்தது. கடிதம் ஒன்றும் வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. ஊருக்குப் போகலாம் என்று அந்த மூன்று மாதமாக மெல்லப் பேசிக்கொண்டிருந்த பேச்சைக் கணவனும் மனைவியும் விட்டார்கள். ஐப்பசி கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்டு நடக்கிறது என்று வானொலி சொன்ன வாரத்தில், சிவக்கொழுந்துக்கு நெஞ்சில் சளி கட்டி, நான்கே நாளில் முடிந்துவிட்டது. பெட்டியை மார்க்கண்டு தானே செய்தார். விக்டர் தன் பட்டறையிலிருந்து தேக்குப் பலகை கொடுத்தனுப்பினார். காசு வேண்டாம் என்றார்.

கனத்தை மயானத்தில் எரிப்பதற்கு முன், அங்கிருந்த ஊழியர் பெட்டியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல பெட்டியை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். மார்க்கண்டுவுக்கு அந்தச் சிங்களம் விளங்கியது. பதில் சொல்ல வாய் திறந்தவர், பழக்கத்தில், தெரியாது என்று தலையசைத்தார்.